அல்சைமர் அபாயம் அறியும் மரபணுச் சோதனை: ஒரு வரலாறு

நினைவாற்றலையும் சிந்திக்கும் திறனையும் படிப்படியாக அழிக்கும் அல்சைமர் நோயை, ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் முதன்முதலில் விவரித்தார். நெடுங்காலம், நோயாளி இறந்தபின் மூளையை ஆராய்ந்தே இந்நோய் உறுதிசெய்யப்பட்டது. நோய் வருமுன்பே அதன் அபாயத்தை அறியும் வழி 1993இல் திறந்தது.

அபோ-ஈ மரபணு

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் தலைமையிலான குழு, 19ஆம் குரோமோசோமிலுள்ள அபோ-ஈ என்னும் மரபணுவுக்கும் முதுமையில் தோன்றும் அல்சைமர் நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் கண்டறிந்தது. உடலில் கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை உருவாக்குவது இம்மரபணு. இதற்கு ஈ2, ஈ3, ஈ4 என மூன்று வடிவங்கள் உண்டு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொருவரும் இரண்டைப் பெறுகின்றனர். ஈ4 அபாயத்தைக் கூட்டுகிறது. இரண்டும் ஈ4 ஆக இருந்தால் அபாயம் மேலும் உயர்கிறது. ஈ2 அபாயத்தைக் குறைக்கிறது.

சிறிதளவு இரத்தம் எடுத்து, வெள்ளையணுக்களிலுள்ள டி.என்.ஏ.வை ஆராய்ந்தால் இவ்வடிவங்களை அறியலாம். சோதனை எளிது, முடிவுக்குப் பொருள் காண்பதே கடினம். ஈ4 உள்ள பலர் நோயின்றி முதுமை அடைகின்றனர். இல்லாத பலருக்கு நோய் வருகிறது. தடுக்க மருந்தும் இல்லை. எனவே நலமாக இருப்போரின் வருங்கால அபாயத்தைக் கணிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என 1995இல் அமெரிக்க மரபியல் அமைப்புகள் பரிந்துரைத்தன.

வாட்சனின் மறுப்பு

டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007இல் தமது மரபணுத்தொகுதியை உலகறிய வெளியிட இசைந்தார். அபோ-ஈ பற்றிய தகவலை மட்டும் தமக்கும் தெரிவிக்க வேண்டாம் என்றார். அவருடைய பாட்டிக்கு அல்சைமர் நோய் இருந்தது. ஆனால் அம்மரபணுவை மட்டும் மறைத்தது போதவில்லை. அருகிலுள்ள பகுதிகளைக் கொண்டே அதன் வடிவத்தை ஊகிக்கலாம் என ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். பின்னர் அதைச் சுற்றியிருந்த சுமார் 20 லட்சம் எழுத்துகள் நீளமுள்ள பகுதியின் தகவலே நீக்கப்பட்டது.

அறிந்தபின் என்ன?

பெற்றோருக்கு அல்சைமர் நோய் இருந்த 162 பேரிடம் ராபர்ட் கிரீன் குழுவினர் நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. முடிவை அறிந்தவர்களிடம் பெரும் மனச்சோர்வோ பதற்றமோ காணப்படவில்லை. எனினும் வேறொரு கவலை எஞ்சியது. 2008ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், மரபணுத் தகவலை வைத்து வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுத்தது. ஆயுள் காப்பீட்டுக்கும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுக்கும் அப்பாதுகாப்பு இல்லை.

2017இல் உமிழ்நீரை அனுப்பி வீட்டிலிருந்தே அறியும் சோதனைக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. 2023இல் முழு ஒப்புதல் பெற்ற லெகனெமாப் மருந்து நிலைமையை மாற்றியது. ஆரம்பநிலை நோயின் வேகத்தைக் குறைக்கும் இம்மருந்தால் மூளையில் வீக்கமோ இரத்தக்கசிவோ ஏற்படும் ஆபத்து, இரண்டு ஈ4 உள்ளோருக்கு மிகுதி. ஆகவே சிகிச்சைக்கு முன் அபோ-ஈ சோதனை செய்யுமாறு அறிவுறுத்தப்படுகிறது.

இம்முடிவு ஒருவரோடு நிற்பதன்று. இரண்டு ஈ4 உடையவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஈ4 உறுதியாகச் சென்றிருக்கும். பெற்றோர் அறிந்துகொள்ள முடிவு செய்யும்போது, கேட்காத பிள்ளைகளைப் பற்றிய செய்தியும் உடன் வந்துவிடுகிறது.