கள்ளுக்கடையை மூடியபோது பிறந்த வரி

ராஜாஜி என்றதும் 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டமும் 1953 குலக்கல்வித் திட்டமும்தான் நம் மேடைகளில் முதலில் வந்து நிற்கும். எழுபது ஆண்டுகளுக்கு மேல் நம் கடை ரசீதுகளில் ஒட்டிக்கொண்டிருந்த விற்பனை வரியை யாரும் அவர் கணக்கில் எழுதுவதில்லை.

1900இல் சேலத்தில் வக்கீலாகத் தொழில் தொடங்கியவர், 1917 முதல் 1919 வரை அந்த ஊரின் நகராட்சித் தலைவர். குழாயும் தெருவிளக்கும் எல்லோருக்கும் வேண்டும், வரி கட்ட மட்டும் எவருக்கும் மனம் வராது என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம். அங்கிருந்து 1929இல் மதுவை எதிர்ப்பதற்கென்றே ‘விமோசனம்’ என்ற மாத இதழ். ஆசிரியர் ராஜாஜி, உதவிக்குக் கல்கி.

1937இல் சட்டமன்றத்துக்குள் நுழைந்து சென்னை மாகாணப் பிரதமரானார். நிதித் துறையையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்த அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று அடுத்தடுத்துப் பரவியது.

கடை மூடுவது சுலபம். கஜானாவுக்கு என்ன பதில்? மாகாணத்துக்கு நிலவரியை விட்டால் கள், சாராயத்தில் வரும் பணம்தான் பெரிய வருமானம். நிலவரியைக் குறைப்போம் என்று ஓட்டுக் கேட்ட கட்சி அதை ஏற்ற முடியாது. வருமான வரியோ டெல்லியின் சொத்து. ஆனால் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், பொருள் விற்பனைமீது வரி போடும் உரிமையை மாகாணங்களுக்குக் கொடுத்திருந்தது. அதைக் கொண்டு மத்திய மாகாணம் 1938இல் பெட்ரோலுக்கு வரி போட்டது. ராஜாஜி அதோடு நிற்கவில்லை. அநேகமாக எல்லாச் சரக்குக்கும், கைமாறும் ஒவ்வொரு முறையும் என்று 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்தியாவில் அப்படி ஒன்று அதுவே முதல்.

விகிதத்தில்தான் அவருடைய சாமர்த்தியம். ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்குள் விற்பவரைத் தொடவில்லை. 20,000 வரை மாதம் 5 ரூபாய். அதற்கு மேல் நூறு ரூபாய்க்கு எட்டணா. வாங்குகிறவர் கவனிக்கமாட்டார், விற்கிறவர் முணுமுணுப்பார். வியாபாரிகள் முணுமுணுப்போடு நிற்காமல் எதிர்த்தும் பார்த்தார்கள், சட்டம் நிறைவேறிவிட்டது.

அதே 1939 அக்டோபரில் ராஜாஜி பதவி விலகினார். போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. மதுவிலக்குக்காகப் பிறந்த வரியை மட்டும் நிறுத்தவில்லை. எந்த அரசுதான் நிறுத்தும்? உற்பத்தியாளரின் முதல் விற்பனைக்கு வரி போட்டால் அது கலால் வரி, அது எங்களுக்குரியது என்று மத்திய அரசு வழக்காடியது. 1942இல் ஃபெடரல் நீதிமன்றமும் 1945இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் மாகாணத்தின் பக்கமே நின்றன. மற்ற மாகாணங்களும் இதே வழியில் வந்தன.

1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு, 1971இல் தளர்வு. விற்பனை வரியின் இடத்தில் 2007இல் மதிப்புக்கூட்டு வரி, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. ஏறக்குறைய எல்லாப் பொருளும் ஜிஎஸ்டிக்குள் போய்விட்டன. பெட்ரோல், டீசல் போல வெளியே நிறுத்தப்பட்ட ஒரு சில சரக்குகளில் மதுவும் ஒன்று. ராஜாஜி தேடிக் கண்டுபிடித்த அந்த அதிகாரத்தைத் தமிழக அரசு இன்று பெரிய அளவில் செலுத்துவது பெட்ரோல் பங்கிலும் டாஸ்மாக் கடையிலும்தான்.