சொற்குற்றமும் பொருட்குற்றமும்

தாம் இயற்றிய நூலைக் கற்றோர் அவையில் வைத்து, அவர்கள் எழுப்பும் ஐயங்களுக்கு விடை கூறி, அதன் பின்னரே அதனை உலகிற்கு வழங்கும் வழக்கத்தை நம் முன்னோர் அரங்கேற்றம் என்றனர். ஒரு வெண்பாவின் ஈற்றடியை மட்டும் கொடுத்து, மற்ற அடிகளைப் பாடி முடிக்குமாறு புலவர்களை அழைக்கும் வழக்கமும் நம்மிடையே இருந்தது. ஈற்றடி எல்லார்க்கும் ஒன்றே. பாட்டு ஆளுக்கு ஒன்று. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் ஒவ்வொரு புலவரின் பார்வையும் புலப்படும்.

இவ்விரு வழக்கங்களும் இன்று எதிர்பாராத ஓர் இடத்தில் உயிர் பெற்றிருப்பதைக் காண்கிறோம். நிழற்பட ஆர்வலர்கள் வாரம் ஒரு பொருளைக் குறித்துக்கொள்கின்றனர். ஒரு வாரம் 'நிழல்', மறு வாரம் 'கதவு', அடுத்த வாரம் 'முதுமை' என்று பொருள் மாறுகிறது. அப்பொருளில் அவரவர் எடுத்த படத்தை மற்றவர் முன் வைக்கின்றனர். மற்றவர் அதன் நிறைகுறைகளை எடுத்துரைக்கின்றனர். இது கைப்பேசிக் காலத்தின் புதுமை என்று பலர் எண்ணக்கூடும். ஆனால், படத்தைப் பிறர் முன் வைத்துத் தீர்ப்புக் கேட்கும் வழக்கம் நம் நாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றின் ஒரு பகுதி, காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள திருமயம் மலைக்கோட்டையையும் தொட்டுச் செல்கிறது.

கழகங்கள் தோன்றிய காலம்

1839ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் தாகேர் கண்டறிந்த நிழற்பட முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அக்கலை இந்தியாவில் வேரூன்றிவிட்டது. இலண்டனில் 1853இல் நிழற்படக் கழகம் தோன்றியது. பம்பாயில் 1854இலும், கல்கத்தாவில் 1856இலும், சென்னையில் 1857இலும் கழகங்கள் எழுந்தன. சென்னைக் கழகத்தின் தோற்றத்தில் முதன்மைப் பங்கு பெற்றவர் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர். 1850இல் சென்னையில் கலைப் பள்ளியை நிறுவியவரும் இவரே.

அந்நாளில் படம் எடுப்பது எளிய செயலன்று. கருவியின் சுமை ஒருபுறம். மருந்துகளின் கலவையும் வெப்பமும் கெடுக்கும் தாள்கள் மறுபுறம். ஒருவர் பட்ட தொல்லையை மற்றவர் அறிந்துகொள்ளவே கழகம் கூடியது. உறுப்பினர் தம் படங்களைக் கொணர்ந்து காட்டினர். எந்தக் கலவை எந்த வெயிலில் பயன் தந்தது என்று உரையாடினர். கண்காட்சிகளில் நடுவர் அமர்ந்து படங்களைத் தரம் பிரித்தனர். இங்கிலாந்திலோ, படங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதற்கென்றே 1850களில் ஒரு மன்றம் செயற்பட்டது.

டிரைப் விட்டுச் சென்ற வினா

இச்சூழலில் உயர்ந்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத் தலைவர். 1854இன் இறுதியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்த இவருடைய படங்கள், 1855இல் சென்னையில் நடந்த பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டு நடுவர்களின் பாராட்டைப் பெற்றன. மறு ஆண்டு அவர் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857இன் இறுதியிலும் 1858இலும் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று பயணம் செய்தார். திருமயத்தின் பாறையும் கோட்டையும் அவர் படத்தில் இடம் பெற்றது அப்போதுதான்.

டிரைப்பின் படங்களை இன்று பார்ப்போர் இரண்டு செய்திகளை உற்று நோக்க வேண்டும். முதலாவது, அவருடைய வானம். அக்காலத் தாள் நெகடிவ்கள் நீல ஒளியை அளவுக்கு மீறி ஏற்றமையால் வானம் வெற்று வெண்மையாகவே பதிந்தது. டிரைப் சில நெகடிவ்களின் மீது வண்ணம் தீட்டி, அவ்வானத்திற்கு மேகங்களை அளித்தார். அம்மேகங்கள் அன்று அங்கே இருந்தவை அல்ல. இரண்டாவது, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டு. அதனை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அதில் அழகுக்காகச் சேர்க்கப்பட்டது ஒன்றுமில்லை. எழுத்துகள் எழுத்துகளாகவே நிற்கின்றன.

தருமி கொணர்ந்த பாடலில் நக்கீரர் குற்றம் கண்ட கதையை நாம் அறிவோம். சொல்லில் குற்றமில்லை, பொருளில் குற்றம் உண்டு என்பதே அவர் வழக்கு. இப்பகுப்பு நிழற்படத்திற்கும் மிகவும் பொருந்தும். ஒளி மிகுதி, தெளிவின்மை, சட்டத்தின் சாய்வு ஆகியன சொற்குற்றங்கள். படம் தன் முன் நின்றதற்கு உண்மையாக இருக்கிறதா என்பது பொருள் பற்றிய வினா. டிரைப்பின் மேகம் சொல்லழகை மிகுவிக்கிறது. ஆயினும் பொருள் பற்றிய வினாவை எழுப்பி நிற்கிறது. ஒரு விரல் அசைவில் வானத்தையே மாற்றிவிடக்கூடிய நம் காலத்தில் அவ்வினா பெருகியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், இப்பணி அரசுக்கு ஆகாத ஆடம்பரம் என்று கருதி அதனை நிறுத்தினார். சிக்கனம் நாடிய ஆட்சியாளரின் தீர்ப்பு அது. காலத்தின் தீர்ப்பு வேறாயிற்று. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை, நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில் (1866–1872) செப்பனிடப்பட்டது. அதற்கு முன் அது சிதைந்து நின்ற கோலத்தை நமக்குக் காட்டுபவை அந்த 'ஆடம்பர'ப் படங்களே.

படத்தை விட்டு ஆளைத் தீர்ப்பிட்ட கழகம்

கழகங்களின் வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. கல்கத்தாக் கழகத்தின் தொடக்க கால உறுப்பினருள் இராஜேந்திரலால் மித்ரா என்னும் வங்க அறிஞர் ஒருவர்; அதில் பொறுப்பும் வகித்தவர். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியோரையும் கம்பெனியின் குற்றவியல் நீதிமன்றங்களுக்கு உட்படுத்த முனைந்த சட்ட முன்வரைவுகளை ஐரோப்பிய அவுரித் தோட்டக்காரர்கள் எதிர்த்தனர். 1857ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் மித்ரா அவர்களைக் கடுமையாகச் சாடிப் பேசினார். கழகத்தின் ஐரோப்பிய உறுப்பினர்கள் சினந்து அவரைக் கழகத்தினின்றே வெளியேற்றினர். இந்திய உறுப்பினர் பலரும் உடன் விலகினர்.

அவர் எடுத்த படத்தில் குற்றம் கண்டவர் எவருமில்லை. குற்றம் அவர் பேசிய உண்மையில் காணப்பட்டது. ஒளியையும் நிழலையும் நுணுகி ஆராயக் கற்றிருந்த கண்கள், உடன் அமர்ந்திருந்த மனிதரை ஆராயும்போது மங்கிவிட்டன. மித்ராவின் புகழோ இதனால் குன்றவில்லை. 1885இல் அவர் வங்காள ஆசியக் கழகத்தின் முதல் இந்தியத் தலைவரானார்.

திறனாய்வு செய்வோர் யாவர்க்கும் இந்நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கை. குருமடத்தில் மறையுரைப் பயிற்சி வகுப்பில் ஒருவர் உரையாற்ற, உடன் பயில்வோர் அதன் குறைகளைச் சொல்வது வழக்கம். அங்கே நாம் கற்ற முதல் விதி, உரையைப் பற்றிப் பேசுக, உரைத்தவரைப் பற்றிப் பேசாதே என்பது. நிழற்படக் குழுக்களுக்கும் அவ்விதியே போதும்.

நம் ஊர் முன் நிற்கும் வினா

இப்போது நம் செட்டிநாட்டிற்கு வருவோம். கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ. கே. செட்டியார் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலை பயின்றவர். பல நாடுகளில் பலர் பதிவு செய்திருந்த காட்சிகளைக் கடல் கடந்து தேடித் திரட்டி, 1940இல் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். அழிந்து போகவிருந்ததை அழியாமல் காப்பதே நிழற்படத்தின் பெரும்பணி என்பதைச் செயலால் காட்டியவர் அவர்.

இன்று காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடித் தெருக்களில் நிழற்படக் கருவியுடன் வருவோர் பலர். 'கதவு', 'தூண்', 'முற்றம்' என்று எப்பொருளைக் குறித்தாலும் இங்கே படத்திற்குப் பஞ்சமில்லை. பர்மாத் தேக்கு நிலைகளும் ஆத்தங்குடிப் பூக்கற்களும் சுண்ணாம்புச் சாந்தின் பளபளப்பும் எடுப்பவர் கையைத் தேடி வருகின்றன. சொற்குற்றமில்லாத படங்கள் ஆயிரம் எடுக்கலாம்.

பொருள் என்னவாயிற்று? 1942இல் பர்மா சப்பானியர் வசமானதோடு இவ்வீடுகளைக் கட்டிய வணிகத்தின் முதுகெலும்பு முறிந்தது. வாரிசுகள் பல நகரங்களுக்கும் நாடுகளுக்கும் பரவினர். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சில இடிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. பட்டியல் தன்னளவில் ஒரு சுவரையும் தாங்கிப் பிடிப்பதில்லை.

டிரைப்பின் படங்களில் மனிதர் அரிதாகவே தென்படுகின்றனர். நெடுநேரம் ஒளி விட்டாலன்றிப் படம் பதியாத காலம் அது; நடமாடுவோர் பதியாமற்போவது இயல்பு. நொடியில் நூறில் ஒரு பங்கு போதும் இந்நாளிலும் நம் வீடுகள் ஆளற்றவையாகவே படமாவது ஏன்? அவ்வீட்டின் திறவுகோலைக் காத்து, நாள்தோறும் முகப்பைப் பெருக்கிவரும் முதியவள் சட்டத்திற்கு வெளியே நிறுத்தப்படுகிறாள். பூக்கல்லை ஒவ்வொன்றாகக் கண்ணாடியின் மேல் வார்க்கும் தொழிலாளியின் கை படத்தில் இல்லை. நக்கீரர் இருந்திருப்பின், பொருட்குற்றம் இங்கேதான் என்றிருப்பார்.

எனவே, வாரந்தோறும் கூடிப் படம் பகிரும் நம் இளைஞர்க்கு ஒன்று கூற விழைகிறோம். உங்கள் கூட்டம் நல்ல கூட்டம், அதை விடாதீர்கள். 'அருமை', 'சிறப்பு' என்னும் ஒற்றைச் சொற்களால் நண்பரை ஏமாற்றாதீர்கள். முதலில் ஒளியையும் அமைப்பையும் பற்றிச் சொல்லுங்கள். பின்னர், இப்படம் தன் முன் நின்றதற்கு உண்மையாக இருக்கிறதா, யாரை இது விட்டுவிட்டது என்றும் கேளுங்கள். கேட்கும்போது படத்தை நோக்கியே கேளுங்கள். படத்தின் கீழே ஊர், தெரு, நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அக்குறிப்பு இல்லையேல், அந்த வீடு இடிந்த பின் படத்திற்குச் சான்றுத் தகுதி இராது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் நம் படங்களைப் பார்ப்போர், அவற்றில் ஒளி எப்படி விழுந்தது என்று வியக்கலாம், வியக்காமலும் போகலாம். ஆனால் இவ்வீடுகளில் வாழ்ந்தோர் யாவர், இவற்றைக் காத்தோர் யாவர் என்று அவர்கள் கேட்பது உறுதி. அவ்வினாவிற்கு விடை வைத்திருக்கும் படமே அவர்கள் அவையில் அரங்கேறும்.