இலூபெக் நகரும் அதன் மரபுச் செல்வமும்

வட ஜேர்மனியிலே, பால்டிக் கடலுக்குச் சிறிது உள்ளே, திராவ ஆறு சூழ்ந்தோடும் மேட்டுநிலத்தில் அமைந்தது இலூபெக் என்னும் வணிக நகர். 1143ஆம் ஆண்டிலே தோற்றம் பெற்ற இந்நகர், தீயால் அழிவுற்றபின் 1159இற் சிங்க ஹென்றி என்னும் கோமகனால் மீள நிறுவப்பட்டது. 1226இற் பேரரசன் இரண்டாம் பிரெடெரிக் அளித்த பட்டயத்தால், சிற்றரசர் எவர்க்கும் அடங்காச் சுதந்திர நகராயிற்று. அவ்வுரிமை 1937இல் நாசி அரசின் சட்டமொன்றாற் பறிக்கப்படும்வரை நிலைத்தது.

இத்துணைச் சிறப்புக்கும் மூலம் உப்பும் மீனுமே என்றால் வியப்பாகலாம். இஸ்கானியாக் கரையிலே ஹெரிங் மீன் திரள்திரளாக வரும். பிடித்தவுடன் உப்பிடாவிடில் அழுகிவிடும். ஆங்கே உப்பில்லை. உப்போ லூனபேர்க் நகரத்து ஊற்றுக்களிலிருந்து காய்ச்சி எடுக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையில் நின்ற இலூபெக் வணிகர் உப்பை அனுப்பி மீனைப் பெற்றனர். நோன்பு நாட்களில் ஊன் விலக்கிய கிறித்தவ ஐரோப்பா அம்மீனை வாங்கியது. உப்பேற்றிய படகுகள் செல்வதற்காக 1398இற் கால்வாயொன்றும் வெட்டப்பட்டது. ஹன்சா என்னும் வணிக நகரக் கூட்டமைப்புக்கு இலூபெக்கே தலைமை தாங்கியது. அதன் இறுதிப் பேரவையும் இந்நகரிலேயே 1669இற் கூடிற்று.

கட்டடத்துக்கேற்ற கல் அரிதான நாடாகையால், இந்நகரத்தார் செங்கல்லையே நம்பினர். மரியன்னை ஆலயத்தின் நடுக்கூடம் ஏறத்தாழ 38 மீற்றர் உயரத்துக்குச் செங்கல்லாலேயே எழுப்பப்பட்டது. மேற்றிராணியாரின் பேராலயத்திலும் தம் கோயில் ஓங்கி நிற்றல் வேண்டும் என்னும் வணிகரின் செருக்கும் அதிற் கலந்திருந்தது போலும். பக்தியையும் போட்டியையும் அங்கே பிரித்தறிதல் எளிதன்று.

இத்தகைய செல்வத்தைப் பிற்காலத்தார் எப்பொழுதும் போற்றினர் என்பதற்கில்லை. 1478இற் கட்டிமுடிந்த ஹோல்ஸ்டன் வாயில் சதுப்பு நிலத்திலே புதைந்து சாய்ந்து நின்றது. அதனை இடித்துவிடலாமா என்ற வினா 1863இல் எழுந்தபோது, ஒரேயொரு வாக்கின் மிகுதியாலேயே அது தப்பியது. பின்னாளில் அதே வாயில் மேற்கு ஜேர்மனியின் ஐம்பது மார்க்குத் தாளிற் பொறிக்கப்பட்டது!

1942ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாளிரவு பிரித்தானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. பழைய நகரின் ஐந்திலொரு பங்கு அழிந்தது. மரியன்னை ஆலயம் எரிந்தபோது சுவர்ப்பூச்சு உதிர்ந்து, பழைய ஓவியங்கள் வெளிப்பட்டன. அவற்றைப் புதுக்கும் பணி போருக்குப்பின் டீட்ரிச் பை என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1951இல் ஓவியங்கள் பெருவிழாவிலே திறந்துவைக்கப்பட்டன, முத்திரையிலும் இடம்பெற்றன. அறிஞர் பலரும் மெச்சினர். அடுத்த ஆண்டிலே, பையின் கீழ்ப் பணிபுரிந்த லோதார் மால்ஸ்காட் என்னும் ஓவியர், மூலத்தானத்துச் சுவரோவியங்கள் தம் கைவேலையே எனத் தாமே வெளியிட்டார். முதலில் எவரும் நம்பினாரல்லர். ஈற்றில் இருவரும் 1955இற் சிறைத்தண்டம் பெற்றனர், பொய்யோவியங்கள் அழிக்கப்பட்டன. இழந்ததை மீண்டும் காணும் வேட்கை மிகுந்தவிடத்து, கற்றவர் கண்ணும் மயங்குவதே இயல்பு.

அவ்வாலயத்தின் தென்கோபுரத்தடியில் இன்னொரு காட்சியுண்டு. குண்டு வீழ்ந்த அவ்விரவிலே உயரத்தினின்று விழுந்து நொறுங்கிய பெருமணிகளைப் புதுப்பித்தோர் அகற்றவுமில்லை, ஒட்டவுமில்லை. பிளந்த தளத்தின்மேல், வீழ்ந்தபடியே அவை கிடக்கின்றன.