லாரியும் காரும் மோதினால்: ஒரு பாடத்திட்டத் தாளின் கதை

ஒரு லாரி சின்னக் கார் ஒன்றின் மேல் மோதுகிறது. லாரி காரைத் தள்ளும் விசை பெரிதா, கார் லாரியைத் தள்ளும் விசை பெரிதா?

போன மாதம் ஆபீஸ் கேன்டீனில் இந்தக் கேள்வியைப் போட்டேன். ஐந்து பேர் இருந்தோம், எல்லாருமே பி.இ. மூன்று பேர் "லாரிதான், இதுல என்ன சந்தேகம்?" என்றார்கள். நியூட்டனின் மூன்றாம் விதியை அதே மூன்று பேரிடம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். இரண்டு விசையும் சமம்தான். காரின் நிறை குறைவு, அதனால் அதே விசைக்கு அதன் வேகம் சட்டென்று மாறுகிறது, நசுங்குகிறது. அவர்களைக் கிண்டல் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. முதல் வருஷ மெக்கானிக்ஸில் நல்ல மார்க் வாங்கிய நானும் இதை முதன்முதலில் பார்த்தபோது லாரி என்றுதான் சொன்னேன்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் நாள் ஒரு தாள் தருவார்கள். மார்க் எப்படிப் பிரியும், வகுப்புக்கு வராவிட்டால் என்ன, வீட்டுப்பாடத்தைச் சேர்ந்து போடலாமா என்று எல்லாம் அதில் இருக்கும். அறிமுக மெக்கானிக்ஸ் பாடத்தின் இந்தத் தாள்களைக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். (வீட்டில் "வேற வேலையே இல்லையா?" என்று கேட்டாச்சு.) நான் படித்த கல்லூரியில் விதிகள் சுருக்கம்: 75 சதவீதம் அட்டெண்டன்ஸ், குறைந்தால் கண்டோனேஷன் ஃபீஸ், இன்டர்னல் மார்க், அவ்வளவுதான். அவர்களுடைய தாளில் இருக்கும் சில விதிகள் விநோதமானவை. "வகுப்புக்கு முன்னாலேயே பாடத்தைப் படித்துவிட்டு வா." "பக்கத்தில் இருப்பவனோடு விவாதி." "ரிலேட்டிவ் கிரேடிங் கிடையாது." இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று நூல் பிடித்துப் போனால், அந்த லாரியில்தான் போய் முட்டுகிறோம்.

1985இல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இப்ராஹிம் ஹலூனும் டேவிட் ஹெஸ்டினஸும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணக்கே இல்லாத, அன்றாட வார்த்தைகளில் அமைந்த கேள்விகளை மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பாடம் நடத்துவதற்கு முன்னால் இருந்த தவறான எண்ணங்கள், செமஸ்டர் முடிந்த பிறகும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. எந்த வாத்தியார் நடத்தினாலும் கிட்டத்தட்ட அதே கதை. இந்தத் தேர்வை வளர்த்துத்தான் 1992இல் 'ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி' வந்தது. லாரி-கார் கேள்வி அந்த வகையறா.

ஹார்வர்டில் எரிக் மஸூர் 1984 முதல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மாணவர்கள் அவருக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள், அவர்களும் கடினமான கணக்குகளைப் போட்டார்கள். 1990இல் அந்தக் கட்டுரையைப் படித்தபோது 'நம்ம பசங்க அப்படி இல்லை' என்றுதான் நினைத்திருக்கிறார். சரி, பார்த்துவிடலாம் என்று தேர்வைக் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்கிற மாதிரி கேட்டாராம். விடைத்தாள் வந்ததும் மஸூருக்கு ஆடிப்போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் விதிகள் மாறுகின்றன. வகுப்பில் ஒரு கேள்வியைப் போட்டு, தனியாகப் பதில் சொல்லவைத்து, பக்கத்து ஆளோடு வாதாடவிட்டு, மறுபடி பதில் கேட்பது அவருடைய முறை. இதற்கு நேரம் வேண்டும், அதனால் பாடத்தை முன்னாலேயே படித்து வரவேண்டும். படித்தார்களா என்று பார்க்க ஒரு குட்டித் தேர்வு. பக்கத்து ஆளுக்கு விளக்கிச் சொன்னால் என் கிரேடு இறங்கும் என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? ஆகவே ரிலேட்டிவ் கிரேடிங்கும் போயிற்று. பரீட்சையில் கணக்கோடு கருத்துக் கேள்விகளும் வந்தன. ஒரு விதியை இழுத்தால் மற்றதெல்லாம் கூடவே வருகிறது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்த டிபென்டன்சி சமாச்சாரம் நன்றாகவே தெரியும்.

1998இல் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகள், 6,542 மாணவர்கள் என்று கணக்கைத் திரட்டினார். பாடத்துக்கு முன் தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கு பிறகு தெரிந்தது என்பதுதான் அளவுகோல். வழக்கமான விரிவுரை வகுப்புகளில் சராசரி 0.23. மாணவர்கள் பேசி, செய்து கற்ற வகுப்புகளில் 0.48. நாம் படித்ததெல்லாம் அந்த 0.23 வகையறாதான்.

இத்தனை ஆதாரம் இருந்தால் மாணவர்கள் கைதட்டி வரவேற்றிருப்பார்கள் என்று நினைப்போம். எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை இல்லை, மாசசூசெட்ஸ்) நடந்தது வேறு. அங்கே முதல் செமஸ்டரில் கிரேடே கிடையாது. பாஸ் என்றால் பதிவாகும், ஃபெயில் என்றால் வெளியே கொடுக்கும் சான்றிதழில் தடயமே இருக்காது. 1968இல் ஆரம்பித்த ஏற்பாட்டின் மிச்சம். புதிதாக வருகிறவன் மூச்சுவிடட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் இயற்பியல் விரிவுரைகளில் செமஸ்டர் கடைசியில் பாதிப் பேர்தான் வருவார்கள். பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் ஃபெயில்.

ஜான் பெல்ச்சர் என்ற பேராசிரியர் (வாயேஜர் விண்கலத்தின் பிளாஸ்மா கருவிக்குப் பொறுப்பாக இருந்தவர்) 13 வட்ட மேஜைகள், மேஜைக்கு ஒன்பது பேர் என்று ஒரு அறையை அமைத்தார். வகுப்பில் செய்யும் வேலைக்கு மார்க், எனவே வந்தே ஆகவேண்டும். 2003இல் மின்காந்தவியல் பாடத்தை முழுசாக இதற்கு மாற்றியபோது மாணவர்கள் எதிர்த்து மனு எழுதிக் கையெழுத்து திரட்டினார்கள். பழைய விரிவுரையே வேண்டும் என்றார்கள். ஃபெயில் ஆகிறவர்கள் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது, கோபம் மட்டும் இறங்கவில்லை. 2005இல் மெக்கானிக்ஸும் அந்த அறைக்குப் போனது.

மனு எழுதியவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. 2019இல் ஹார்வர்டிலேயே லூயி டெலோரியர் குழு ஒரு சோதனை செய்தது. ஒரே பாடத்தை ஒரு குழுவுக்கு அருமையான விரிவுரையாகவும் இன்னொரு குழுவுக்கு அவர்களே மோதிப் பார்க்கும் வகுப்பாகவும் நடத்தினார்கள். இரண்டாவது குழு அதிகம் கற்றது. ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தது. சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். திணறும்போது ஒன்றுமே வரவில்லை என்று தோன்றும். செமஸ்டர் ஆரம்பத்திலேயே இதை மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அப்படிச் சொல்வதற்கு முதல் நாள் தாளை விடப் பொருத்தமான இடம் வேறு ஏது?

எங்கள் மெக்கானிக்ஸ் வாத்தியார் போர்டில் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு கேள்வி கேட்டதில்லை, யாரும் கேட்டதுமில்லை. அவர் வகுப்பில் எனக்கு எல்லாமே புரிந்தது. கேன்டீனில் லாரி என்று சொன்ன மூன்று பேரில் ஒருவன் அதே வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். நான்கு மாதம், ஒரே பெஞ்ச். விசையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலாகச் சண்டை போட்டது போன மாதம்தான். அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.