ஒன்றும் வேண்டாதவர்க்கு ஒரு பிறந்தநாள் பரிசு

நமக்கு நெருங்கிய நண்பர் ஒருவரின் பிறந்தநாள் வருகிறது. அவருக்கு ஏதேனும் ஒரு பரிசளிக்க நம் மனம் விழைகிறது. "உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறோம். "ஒன்றும் வேண்டாம்" என்கிறார். அஃது உபசாரத்துக்காகச் சொன்ன சொல்லாயின் கவலையில்லை. ஒரு வேட்டியோ பேனாவோ வாங்கிக் கொடுத்து, அவர் முகம் மலர்வதைக் கண்டு திரும்பலாம். ஆனால் அவர் மெய்யாகவே ஒன்றும் வேண்டாதவராக இருந்துவிட்டால் நம் பாடு சங்கடந்தான். கொடுத்தால் அவருக்குச் சுமை. கொடாவிட்டால் நமக்குக் குறை.

பிறந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு இச்சங்கடம் இன்னும் சற்று மிகுதி. ஊரில் இருந்தால் சீர் என்றும் மொய் என்றும் வழக்கமே நமக்கு வழிகாட்டிவிடும். அடுத்த வீட்டு நண்பர் குஜராத்தியராகவோ வங்காளியராகவோ இருக்கும் இடத்தில் அவ்வழக்கம் துணைக்கு வருவதில்லை. நாமே சிந்தித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதே சங்கடம் ஒரு காலத்தில் நாடு முழுவதற்கும் ஏற்பட்டது. ஆண்டுதோறும் அக்டோபர் 2-ஆம் நாள் நெருங்கும்போது, காந்தியடிகளுக்கு என்ன கொடுப்பது என்று அவருடைய நண்பர்கள் திகைத்தார்கள். இடுப்பில் ஒரு துண்டும் கையில் ஓர் இராட்டையும் உடைய மனிதருக்கு எதைக் கொடுப்பது? அவர்கள் இவ்வினாவுக்கு எவ்வாறு விடை தேடினார்கள் என்பதே இன்று நாம் காணப்போகும் வரலாறு.

இவ்வரலாறு பிறந்தநாளில் தொடங்கவில்லை. ஒரு பிரிவுபசாரத்தில் தொடங்குகிறது. 1901-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை விட்டு இந்தியாவுக்குத் திரும்ப ஆயத்தமானார். அவருடைய பொதுத்தொண்டைப் போற்றிய அங்குள்ள இந்திய மக்கள், பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். அவற்றுள் கஸ்தூரிபா அம்மையாருக்கென அளிக்கப்பெற்ற 50 கினி மதிப்புள்ள தங்கக் கழுத்தணியும் ஒன்று.

அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. பொதுத்தொண்டுக்குக் கூலி பெறுவதா என்ற கேள்வி அவரை வாட்டியது. அறைக்குள் இங்குமங்கும் நடந்தார். இறுதியில், அப்பொருள்கள் அனைத்தையும் சமூக நலத்துக்கென ஓர் அறக்கட்டளையாக்கி, பார்சி ருஸ்தம்ஜி முதலியோரைப் பொறுப்பாளராக நியமித்து ஒரு கடிதம் வரைந்தார். பொழுது விடிந்ததும் பிள்ளைகளிடம் சொன்னார். அவர்கள் உடனே இசைந்தார்கள்.

கஸ்தூரிபா இசையவில்லை. உங்களுக்கு வேண்டாமாயிருக்கலாம், பிள்ளைகளுக்கும் வேண்டாமாயிருக்கலாம், நாளை வரப்போகும் மருமகள்களுக்கு என்ன செய்வது என்று கேட்டார். எனக்குத் தந்த நகையைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு என்ன உரிமை என்றும் கேட்டார். அது யாருடைய தொண்டுக்காகத் தரப்பட்டது என்று கணவர் எதிர்வினா எழுப்பியபோது, அம்மையார் கண்ணீரோடு அளித்த மறுமொழி கூர்மையானது. உங்கள் தொண்டும் என் தொண்டும் வேறல்ல; இரவு பகலாக உங்களுக்காக உழைத்தேனே, அது தொண்டு ஆகாதா என்பதே அதன் பொருள். அச்சொற்கள் தம் நெஞ்சில் தைத்தன என்பதைக் காந்தியடிகளே தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். எனினும் அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. 1896-இல் பெற்றவையும் 1901-இல் பெற்றவையுமாகிய பரிசுகள் எல்லாம் பொதுச் சொத்தாயின.

இந்நிகழ்ச்சியைக் காந்தியடிகளின் துறவுக்குச் சான்றாகப் பலர் எடுத்துரைப்பர். அது சரியே. ஆயினும் இதில் மற்றொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. ஒருவர் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும்போது, அவர் அருகில் நிற்கும் இன்னொருவர் அந்த 'வேண்டாம்' என்பதன் பாரத்தைச் சுமக்கிறார். அன்று கஸ்தூரிபா கேட்ட கேள்விக்கு அந்த வீட்டில் யாரும் விடை கூறவில்லை. 43 ஆண்டுகளுக்குப் பின் ஒரு பிறந்தநாளில் அக்கேள்வி வேறு வடிவில் திரும்பி வந்தது. அதற்கு முன் இடையில் நடந்தவற்றைச் சிறிது காண்போம்.

காந்தியடிகள் இந்தியாவுக்கு வந்து மக்கள் தலைவரான பின் அவருடைய பிறந்தநாளைக் கொண்டாடுவதை யாராலும் தடுக்க இயலவில்லை. தடுக்க முடியாததைத் திருப்பிவிட்டார் அவர். நாம் நட்சத்திரத்தைக் கொண்டு பிறந்தநாளைக் கணிப்பதுபோல், குஜராத்தியர் திதியைக் கொண்டு கணிப்பதுண்டு. அவ்வகையில் அவர் பிறந்தது புரட்டாதித் தேய்பிறைத் துவாதசி. அந்நாள் தம் பெயரால் வழங்குவதை அவர் விரும்பவில்லை. இராட்டையின் நாளாகக் கொள்ளுமாறு கூறினார். 'சர்க்கா துவாதசி' என்று அதற்குப் பெயராயிற்று. மனிதனின் பிறப்பைக் கொண்டாடாதீர்கள், இராட்டையின் மறுபிறப்பைக் கொண்டாடுங்கள் என்பது அவர் கருத்து.

இதனால் பரிசு கொடுக்க விரும்பியவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. பொருள் வேண்டாம் என்றவர் நூலை ஏற்றுக்கொண்டார். 1925-இல் தோன்றிய அகில பாரத சர்க்கா சங்கத்தில் உறுப்பினர் சந்தாவே பணமாக அல்லாமல் தம் கையால் நூற்ற நூலாகத்தான் செலுத்தப்பட்டது. நூலுக்குக் கடையில் விலை உண்டு. ஆனால் கையால் நூற்ற நூலில், நூற்றவர் செலவிட்ட நேரமும் பொறுமையும் சேர்ந்திருக்கின்றன. செல்வர் ஒருவர் ஏவலாளரை அனுப்பி வாங்கி வரக்கூடிய பரிசு அன்று அது. இலட்சாதிபதியும் ஏழையும் அங்கே ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டார்கள்.

அவருடைய 70-ஆவது ஆண்டு நிறைவுக்கு, 1939-இல், அறிஞர்கள் வேறொரு பரிசு கண்டார்கள். டாக்டர் ராதாகிருஷ்ணன் பல நாட்டு அறிஞர்களிடம் கட்டுரைகள் பெற்று ஒரு நூலாகத் தொகுத்தார். ஐன்ஸ்டைனும் அதில் எழுதினார். அந்நூல் சொல்லாலான பரிசு. நண்பரின் வாழ்வு தமக்கு என்ன பொருள் தந்தது என்று நின்று நிதானித்து எழுதிக் கொடுப்பதும் நல்ல கொடையே. நாம் ஒரு கடிதத்தாளில் அதைச் செய்யலாம், ஆனால் செய்வதில்லை.

இனி 1944-ஆம் ஆண்டுக்கு வருவோம். 1942 ஆகஸ்டு 9-ஆம் நாள் கைதான காந்தியடிகள் புனேயில் ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டிருந்தார். கஸ்தூரிபாவும் அங்கேயே சிறையிருந்தார். 1944 பிப்ரவரி 22-ஆம் நாள் அம்மையார் அங்கே கணவரின் மடியில் உயிர் நீத்தார். அவரது உடலைப் போர்த்தியது காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த சேலை. நாடு கலங்கியது. நேருவும் பட்டேலும் ஆசாத்தும் அகமதுநகர்க் கோட்டையில் அடைபட்டிருந்தார்கள். வெளியில் இருந்த தலைவர்கள் கூடி, அம்மையாருக்கு ஒரு நினைவு நிதி திரட்ட முடிவு செய்தார்கள்.

எவ்வளவு திரட்டுவது? எந்நாளில் அளிப்பது? இங்கேதான் அவர்கள் நெடுநாளைய சங்கடத்துக்கு விடை கண்டார்கள். வருகின்ற அக்டோபர் 2-ஆம் நாள் காந்தியடிகளுக்கு 75 வயது நிறைகிறது. ஆண்டுக்கு ஓர் இலட்சமாக 75 இலட்ச ரூபாய் திரட்டி, அன்று அவரிடம் ஒப்படைப்பது என்று அறிவித்தார்கள். தக்கர் பாபா செயலாளராக இருந்து உழைத்தார். யுத்தகாலம், விலைவாசி ஏற்றம், வங்காளத்தில் பெரும் பஞ்சத்தின் வடு இன்னும் ஆறவில்லை. ஆயினும் குறித்த நாளுக்குள் நிதி 75 இலட்சத்தையும் கடந்துவிட்டது. மே மாதம் விடுதலை பெற்றிருந்த காந்தியடிகளிடம், சேவாகிராமத்தில், அவருடைய பிறந்தநாளில் அது அளிக்கப்பட்டது.

அவர் அதை மறுக்கவில்லை. எவ்வாறு மறுப்பார்? அது அவருக்கான பரிசு அன்று. அவர் மனைவியின் பெயரால் வந்த பரிசு. 1901-இல் ஒரு கழுத்தணிக்காக, என் உழைப்பும் தொண்டுதானே என்று கேட்டவரின் கேள்விக்கு, ஆம் என்று ஒரு நாடே விடை கூறியது. கணவரின் பிறந்தநாளில் மனைவியின் தொண்டு போற்றப்பட்டது. தமக்கென எதையும் ஏற்காதவர், தம் அருகில் இருந்தவரின் பெயரால் வந்ததை ஏற்றுக்கொண்டார்.

ஏற்றதோடு நில்லாமல், அந்த நிதி எவ்வாறு செலவாக வேண்டும் என்றும் வகுத்தார். சிலையோ மண்டபமோ கட்டலாகாது. கிராமங்களில் வாழும் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே அப்பணம் பயன்பட வேண்டும். பணியைச் செய்பவர்களும் பெரும்பாலும் பெண்களாகவே இருக்க வேண்டும். அதன்படி கிராம சேவிகைகள் பயிற்சி பெற்றார்கள். மகப்பேற்று உதவியும் குழந்தைக் கல்வியும் கைத்தொழிலும் சிற்றூர்களை எட்டின. பின்னாளில் கஸ்தூரிபா நிதியின் தலைமையகம் இந்தூருக்கு அருகில் 'கஸ்தூரிபா கிராமம்' என்ற பெயரில் அமைந்தது.

அப்பரிசின் ஒரு கிளை தமிழ்நாட்டிலும் வேர் ஊன்றியது. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாகப் பிறந்து, இளமையிலேயே கணவரை இழந்து, தமிழகத்தை விட்டுத் தில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரிக்குச் சென்று படித்து மருத்துவரானவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். கஸ்தூரிபா நிதியின் தமிழ்நாட்டுப் பிரதிநிதியாகக் காந்தியடிகள் அவரை நியமித்தார். அவரும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947 அக்டோபரில் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956-இல் அங்கே தோன்றிய கிராமியக் கல்வி நிலையம் 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. வெளிமாநிலத்தில் கற்ற கல்வியை ஒரு தமிழ்ப் பெண் தம் மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்த்த கதையும் இதனுள் இருக்கிறது.

இனி, காந்தியடிகளின் கடைசிப் பிறந்தநாள். 1947 அக்டோபர் 2. நாடு விடுதலை பெற்று ஏழு வாரங்களே ஆகியிருந்தன. தில்லியில் வகுப்புக் கலவரத்தின் புகை அடங்கவில்லை. பிர்லா மாளிகையில் அவர் உண்ணாநோன்பிலும் பிரார்த்தனையிலும் நூற்பிலும் அந்நாளைக் கழித்தார். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடம், வாழ்த்துக்கு இங்கே என்ன இடம், துக்கம் விசாரிப்பதல்லவா பொருத்தம் என்ற கருத்தில் பேசினார். இந்தத் தீ அணைய வேண்டும், அல்லது தாம் இவ்வுலகை விட்டுப் போக வேண்டும் என்பதே அவர் வேண்டுதலாக இருந்தது. வாழ்நாளெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்றவர் அன்று ஒன்றே ஒன்றை வேண்டினார். அங்கு வந்திருந்த யாராலும் அதைக் கையில் எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

அடுத்த மாதமே அவர் மற்றொருவருக்குப் பரிசளிக்க நேர்ந்தது. இளவரசி எலிசபெத்தின் திருமணம் நவம்பர் 20-ஆம் நாள். எல்லாம் உடைய மணமகளுக்கு, ஒன்றும் இல்லாத தாம் எதைக் கொடுப்பது என்று அவர் எண்ணியபோது, மவுண்ட்பேட்டன் பிரபு இராட்டையை நினைவூட்டினார். அவர் நூற்ற நூலைக் கொண்டு பஞ்சாபிப் பெண் ஒருத்தி பின்னிய சிறிய விரிப்பு, நடுவில் 'ஜெய் ஹிந்த்' என்னும் சொற்களோடு இலண்டன் சென்றது. கொடுக்கும் வகையை அறியாதவர் அல்லர் அவர்.

அவர் பிறந்தநாளில் வேண்டிய பரிசோ காலந்தாழ்த்து வந்தது. 1948 ஜனவரி 13-ஆம் நாள் அவர் உண்ணாநோன்பு தொடங்கினார். 18-ஆம் நாள் எல்லாச் சமயத்துத் தலைவர்களும் ஒன்றுகூடி, தில்லியில் முஸ்லிம்களின் உயிருக்கும் உடைமைக்கும் வழிபாட்டுக்கும் ஊறு நேராமல் காப்போம் என்று எழுத்தில் உறுதி கொடுத்தார்கள். நோன்பு முடிந்தது. அதன்பின் அவர் இவ்வுலகில் வாழ்ந்தது பன்னிரண்டு நாள்களே.

அன்பர்களே, நம் நண்பர்கள் மகாத்மாக்கள் அல்லர். நம்மிடம் 75 இலட்சமும் இல்லை. எனினும் வழி அதுவே. ஒன்றும் வேண்டாத நண்பரின் வீட்டுக்குச் செல்லும்போது அவரிடம் என்ன இல்லை என்று பார்க்காதீர்கள். அவர் எதற்காக நேரத்தைச் செலவிடுகிறார் என்று பாருங்கள். வார இறுதியில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவராயின், ஒரு மாதம் நீங்களும் அந்தத் திண்ணையில் சென்று அமருங்கள். அவரிடம் விடை பெறுமுன், உள்ளே சமையற்கட்டில் நமக்காகக் காப்பி கலக்கும் அம்மையாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்கு ஏதேனும் வேண்டியிருக்கலாம். இதுவரை யாரும் கேளாமல் இருந்திருக்கலாம்.