மூச்சுக்கும் நிறம் பார்த்த கருவி

1999ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகர நீதிமன்றத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் கெட்டுப்போன தொழிலாளர்களின் நஷ்டஈட்டு வழக்குகள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. பிரதிவாதிகளில் ஒன்றான ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் ஒரு மனு போட்டது. கறுப்பினத் தொழிலாளர்கள் தங்கள் நுரையீரல் பழுதுபட்டிருப்பதை நிரூபிக்க வேண்டுமானால், வெள்ளைக்காரத் தொழிலாளியைவிட மோசமான பரிசோதனை முடிவைக் காட்ட வேண்டும் என்பது அந்த மனுவின் சாரம். கறுப்பினத்தவருக்குப் பிறவியிலேயே நுரையீரல் கொள்ளளவு குறைவு. ஆகவே குறைந்த எண் வந்தால் அது தூசி செய்த கேடு அல்ல, உடம்பின் வாகு என்று வாதிட்டார்கள்.

நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆனால் அந்த வாதம் வக்கீல்களின் கற்பனையில் முளைத்ததல்ல. மருத்துவப் பாடநூல்களில் அது இருந்தது. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளை ஊதச் சொல்லும் கருவிக்குள்ளேயே இருந்தது. அது அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

கருவியின் பெயர் ஸ்பைரோமீட்டர். ஆஸ்துமாக்காரர்கள் பலருக்கு இது பழக்கமான சங்கதி. மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் கொடுத்து, ‘நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க’ என்று டெக்னீஷியன் விரட்டுவாரே, அதுதான். 1840களில் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் இதற்கு உருவம் கொடுத்தார். தண்ணீருக்குள் கவிழ்த்துவைத்த ஒரு உருளை, அதைத் தூக்கிவிட எடைக்கற்கள் கட்டிய கப்பி. குழாயில் ஊதினால் உருளை மேலே எழும்பும். எவ்வளவு எழும்பியது என்பதை வைத்து மூச்சின் அளவைப் படித்துக்கொள்ளலாம்.

ஹட்சின்சன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்தார். மாலுமிகள், தீயணைப்புக்காரர்கள், போலீஸ்காரர்கள், படைவீரர்கள், பரம ஏழைகள், கனவான்கள் என்று பலதரப்பட்டவர்கள். உயரம் கூடக்கூட நுரையீரல் கொள்ளளவும் சீராகக் கூடுகிறது என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. 1846இல் அதை வெளியிட்டார். ஆட்களை அவர் தொழில்வாரியாகத்தான் பிரித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். நிறம் அவருடைய அட்டவணையில் இல்லை.

நிறத்தைக் கொண்டுவந்தவர் அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் இருந்தார். சாமுவேல் கார்ட்ரைட், லூசியானாவில் அடிமை முதலாளிகளின் பண்ணைகளில் வைத்தியம் பார்த்தவர். 1851இல் மாகாண மருத்துவச் சங்கத்தின் முன் அவர் வைத்த அறிக்கை, மருத்துவ வரலாற்றின் வெட்கக்கேடுகளில் ஒன்று. அடிமை ஒருவர் தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்றார். அதற்கு ‘டிராபெட்டோமேனியா’ என்று கிரேக்கத்தில் பெயரும் சூட்டினார். வேலையில் சுணக்கம் காட்டினால் அதற்கு இன்னொரு நோயின் பெயர். அந்த இரண்டாவது நோய்க்கு அவர் எழுதிய சிகிச்சை இதுதான்: உடம்பைக் கழுவி, எண்ணெய் தடவி, அகலமான தோல்வாரால் அடித்து எண்ணெயை உள்ளே இறக்கி, பிறகு வெயிலில் கடினமான வேலைக்கு அனுப்புவது. சாட்டையடி, மருந்துச்சீட்டில் ஏறிவிட்டது.

இதற்கெல்லாம் உடற்கூறு ஆதாரம் வேண்டுமே? ஸ்பைரோமீட்டர் அதற்குத்தான் உதவியது. தன்னைவிட அரைத்தலை உயரமான, மார்பகலம் கூடுதலான கறுப்பரைவிட ஒரு வெள்ளைக்காரப் பையன் அதிகமாகக் காற்றை ஊதினான் என்று கார்ட்ரைட் எழுதினார். கறுப்பினத்தவரின் நுரையீரல் 20 சதவீதம் குறைவு என்று ஒரு கணக்கும் போட்டார். காற்று குறைவாகப் போவதால் மூளைக்கு நல்ல ரத்தம் போவதில்லை, கட்டாய உழைப்புதான் அவர்களை மூச்சுவிட வைக்கிறது. ஆகவே அடிமை முறை அவர்களின் உடல்நலத்துக்கே நல்லது. இப்படிப் போனது அவர் வாதம். நுரையீரல் பற்றிய இந்தச் சந்தேகத்துக்கு அவருக்கு முன்பே வித்திட்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன்தான் அவர். வர்ஜீனியா பற்றிய தன் நூலில், கறுப்பினத்தவரின் நுரையீரல் அமைப்பே வேறாக இருக்கலாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள், அவர்களைக் குறைசொல்ல முடியுமா என்று சிலர் கேட்பார்கள். எல்லோரும் நம்பவில்லை. அடிமையாகப் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித்துக்கு, நிறத்தின் காரணமாக அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் இடம் தரவில்லை. ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறி, 1837இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பினார். பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்க மருத்துவர் அவர்தான். விடுதலை பெற்ற கறுப்பினத்தவரிடையே பைத்தியம் அதிகம் என்று 1840ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் காட்டிச் சிலர் அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கியபோது, ஸ்மித் அந்த அட்டவணைகளைப் பிரித்து மேய்ந்தார். கறுப்பினத்தவர் ஒருவர்கூட வசிக்காத ஊர்களில் கறுப்பின மனநோயாளிகள் இருப்பதாக அதில் பதிவாகியிருந்தது! எண்களை வைத்தே எண்களைத் தோற்கடித்தவர். கார்ட்ரைட்டின் காலத்திலேயே, அதே நாட்டில், இப்படி ஒரு மருத்துவர் எழுதிக்கொண்டிருந்தார். கேட்கத்தான் ஆளில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்தது, அடிமை முறை ஒழிந்தது. எண் மட்டும் ஒழியவில்லை. வடக்குப் படை வீரர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து 1869இல் பெஞ்சமின் கூல்ட் என்பவர் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அவர் மருத்துவர்கூட இல்லை, வானியலாளர். கறுப்பின வீரர்களின் மூச்சு அளவு குறைவு என்று அதில் அட்டவணை போட்டிருந்தார். அந்த வீரர்களில் பலர் நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள். அரைவயிறு உண்டு வளர்ந்த உடம்புகள். அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1896இல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் இந்த அளவுகளை எடுத்துக்கொண்டார். புருடென்ஷியல் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் புள்ளியியலாளர் அவர். கறுப்பினத்தவர் சீக்கிரம் சாவது வறுமையால் அல்ல, இனத்தின் குணத்தால் என்று முந்நூறு பக்கத்துக்கு மேல் எழுதினார். சீக்கிரம் சாகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் தருவது நஷ்டம் அல்லவா? கெல்லி மில்லர் என்ற கறுப்பினக் கணிதப் பேராசிரியர் அடுத்த ஆண்டே அதற்கு வரிக்கு வரி மறுப்பு எழுதினார். சமூகவியலாளர் டுபாய்ஸும் எழுதினார். மறுப்புகள் நூலகத்தில் தங்கிவிட்டன. ஹாஃப்மனின் எண்கள் ஊர்சுற்றின.

இதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. கார்ட்ரைட்டின் வசவுகளை 20ஆம் நூற்றாண்டில் எந்த மருத்துவரும் சபையில் சொல்லத் துணியமாட்டார். ஆனால் எண்ணுக்கு முகமில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் மேற்கோள் காட்ட, அவரை இன்னொருவர் காட்ட, காலப்போக்கில் அது ‘எல்லோருக்கும் தெரிந்த உண்மை’ ஆகிவிட்டது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் லண்டி பிரவுன், இந்தக் கருவியின் வரலாற்றை 2014இல் புத்தகமாக எழுதியவர். அவரும் சகாக்களும் 1922 முதல் 2008 வரை வெளியான 226 ஆய்வுக் கட்டுரைகளைத் தோண்டிப் பார்த்தார்கள். இனம் என்று எதைச் சொல்கிறோம் என்பதையாவது விளக்கியிருந்தவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

நடைமுறையில் இது எப்படி வேலை செய்தது? ஒரு தொழிலாளி ஊதிய அளவு 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் 4 லிட்டர் வர வேண்டும். 75 சதவீதம்தான் வந்திருக்கிறது. 80க்குக் கீழே போனால் கோளாறு என்பது பரவலான வழக்கம். ஆக, வெள்ளைக்காரர் என்றால் சிகிச்சை உண்டு, நஷ்டஈடும் உண்டு. அதே ஆள் கறுப்பினத்தவர் என்று கருவியில் குறித்தால், வர வேண்டிய அளவையே அது 15 சதவீதம் குறைத்து 3.4 லிட்டர் ஆக்கிவிடும். இப்போது அதே 3 லிட்டர், 88 சதவீதம். ‘நார்மல், வீட்டுக்குப் போகலாம்.’ ஆசியர்கள் என்றால் 4 முதல் 6 சதவீதம் வரை குறைப்பார்கள். நம்மவர்களும் அந்தக் கட்டத்துக்குள் அடங்கியவர்கள்தான்.

1978இல் அமெரிக்க அரசு பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பஞ்சுத் தூசியிலிருந்து காக்க ஒரு விதிமுறை கொண்டுவந்தது. நல்ல விதிமுறை, தொழிலாளர்கள் போராடிப் பெற்றது. அதற்குள்ளேயே கறுப்பினத் தொழிலாளிக்கு எதிர்பார்க்கும் அளவை 0.85ஆல் பெருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். பாட்டனார் அடிமையாக நின்று பருத்தி பறித்தார். பேரன் அதே பருத்தியின் தூசியைச் சுவாசித்து இருமினால், அவன் நுரையீரல் அப்படித்தான் இருக்கும் என்று அரசாங்கமே சொன்னது.

சராசரி எடுத்தால் வித்தியாசம் வரத்தான் செய்கிறது என்பார்கள். வரலாம். சிறுவயதில் சத்துணவு இல்லாதவர், நெடுஞ்சாலைக்கும் ஆலைக்கும் பக்கத்தில் குடியிருப்பவர், தூசி பறக்கும் வேலையே கிடைத்தவர் ஆகியோரின் நுரையீரல் முழுசாக வளராது. அந்தக் குறையை இயல்பு என்று கருவியில் எழுதிவிட்டால், காரணத்தைத் தேட வேண்டிய அவசியமே போய்விடுகிறது. இதுதான் பெரிய கொடுமை.

2023இல் அமெரிக்க மார்பு நோய் மருத்துவர்களின் சங்கம், இனம் பார்க்காத பொதுச் சமன்பாட்டையே பயன்படுத்தும்படி பரிந்துரைத்தது. இதிலும் சிக்கல் உண்டு. புதிய கணக்கில் நுரையீரல் பலவீனம் என்று தெரியவருபவருக்கு நஷ்டஈடு கிடைக்கலாம். ஆனால் தீயணைப்பு வேலைக்குத் தகுதியில்லை என்றோ, புற்றுநோய் அறுவை சிகிச்சையைத் தாங்கமாட்டார் என்றோ ஒதுக்கப்படவும் கூடும். மருத்துவர்கள் இதை இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிறுநீரகத்திலும் இதே கதைதான் நடந்தது. ரத்தத்தில் உள்ள கிரியாட்டினினை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் 1999ஆம் ஆண்டுச் சமன்பாடு, கறுப்பினத்தவருக்கு விடையைச் சுமார் 1.2ஆல் பெருக்கியது. அவர்களுக்குத் தசை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அமெரிக்காவில் டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் கணக்கு, அந்த அளவு 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் தொடங்கும். 19 என்று வர வேண்டிய விடை 23 ஆகிவிட்டால் அவர் வரிசையிலேயே இல்லை. மருத்துவ மாணவர்கள் பல கல்லூரிகளில் இதைக் கேள்வி கேட்டார்கள். 2021இல் இனம் சேர்க்காத சமன்பாடு வந்தது. 2023 ஜனவரியில், காத்திருப்போர் பட்டியலில் உள்ள கறுப்பினத்தவரின் பழைய ரத்தப் பரிசோதனைகளைத் தேடியெடுத்து, இழந்த காலத்தைக் கணக்கில் சேர்க்கும்படி எல்லா மாற்று அறுவை சிகிச்சை மையங்களுக்கும் உத்தரவு போனது. அப்படித் தேடியதில் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் முன்னே வந்தார்கள். பலருக்கு ஒரு வருடத்துக்கு மேல் கூடியது. பட்டியலில் உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் இந்தத் திருத்தம்.

(தொடரும்)