கொடுத்தவர் பட்டியல்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் இறங்கி சிப்காட் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினால் இந்தி, ஒடியா, தெலுங்கு, தமிழ் நாலும் ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். போன வருடம் எங்கள் அலுவலகத்தின் சமூகப் பொறுப்புக் குழுவோடு அந்தப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றுக்குப் போனேன். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்கிறது. அந்த 2 சதவீதத்தில் ஒரு துளியாக நாற்பது புத்தகப் பைகளும் ஒரு பேனரும் எடுத்துப் போயிருந்தோம். பேனர்தான் பெரிது.

ஐந்தாம் வகுப்பு ஜன்னலோரம் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி இருந்தது. மேலே கோணல்மாணலாக ‘அன்புப் பெட்டி’ என்று எழுதியிருந்தார்கள். உள்ளே பென்சில்கள், பாதி ரப்பர், ஹேர் க்ளிப், பால்பாயின்ட் பேனா, மூடி உடைந்த ஜாமென்ட்ரி பாக்ஸ். அதை நடத்துவது பிள்ளைகளேதான். இருப்பவர் போடலாம், இல்லாதவர் எடுக்கலாம். யார் போட்டது, யார் எடுத்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. எங்கள் குழுவில் ஒருவர் பழக்கதோஷத்தில், “ஒரு ரிஜிஸ்டர் வெச்சா டிராக் பண்ணலாமே மிஸ்?” என்றார். ஆசிரியை சிரித்தார்.

“பேரு எழுதினா நாளையிலேருந்து ஒரு புள்ளையும் எடுக்காது சார்.”

அந்த ஒரு வரிதான் என்னைப் பழைய கதைகளைத் தேட வைத்தது. பள்ளிக்கூடத்தில் யார் கொடுப்பது, யார் வாங்குவது, யார் பெயரை எங்கே எழுதுவது என்பதில் இந்த மாவட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் முக்கியமான ஊர் கடம்பத்தூர். திருவள்ளூரைத் தாண்டி அரக்கோணம் போகும் வழியில், மின்சார ரயில் நின்று போகும் ஓர் ஊர். 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் முதலாவது அங்கேதான் நடந்தது. அப்போது இதெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்.

மாநாடு என்றால் மேடைப் பேச்சு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அன்றைய கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு வகுத்த முறை, இன்று என்னைப் போன்றவர்கள் ‘ரிக்வயர்மென்ட்’ எழுதும் முறைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் ஆசிரியர்கள் தங்கள் பள்ளிக்கு என்ன இல்லை என்று பட்டியல் போடுவார்கள். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், தண்ணீர்ப் பானை, சாப்பாட்டுத் தட்டு, ஓட்டைக் கூரை. அதற்கு விலை போடுவார்கள். பிறகு ஊர் கூடி, அவரவரால் முடிந்ததை ஏற்றுக்கொள்ளும். நிலம் கொடுத்தவரும் உண்டு, ஒரு பானை கொடுத்தவரும் உண்டு. முதலமைச்சர் காமராசரே பல மாநாடுகளுக்குப் போனார். கடம்பத்தூரில் தொடங்கியது மாநிலம் முழுக்கப் பரவியது.

இதற்கு முன்னோட்டம் சோறு. 1920இல் பி. தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. கல்விப் பணத்தில் சோறு போடுவதை ஆங்கில அரசு ஏற்காததால் சில ஆண்டுகளில் அது நின்றது. 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்தபோது அது பெரும்பாலும் ஊர்க்காரர் நன்கொடையில் ஓடிய திட்டம். காசில்லாத வீடுகள் நெல்லும் அரிசியும் காய்கறியுமாகக் கொடுத்தன. 1957 நவம்பரிலிருந்து அரசும் பங்கு போட்டது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்றால் 6 காசு அரசு, 4 காசு ஊர்.

அந்த 4 காசை நான் ரொம்ப நேரம் யோசித்தேன். இன்றைய பார்வையில் குறை சொல்வது சுலபம். பிள்ளைக்குச் சோறு போடுவது அரசின் கடமை, அதை ஏழை ஊர்களின் தலையில் ஏன் கட்டினார்கள்? நியாயமான கேள்விதான். நன்கொடை வற்றிய ஊரில் அடுப்பும் அணையும். ஆனால் அந்த 4 காசில் வேறொன்றும் இருக்கிறது. பந்தியில் உட்காரும் பிள்ளையின் அம்மாவும் ஒரு பிடி அரிசி கொடுத்திருப்பாள். அப்போது கொடுத்தவர், வாங்கியவர் என்று இரண்டு வரிசை கிடையாது. இது எல்லா ஊரிலும் இப்படியே அழகாக நடந்தது என்று சொல்லமாட்டேன். யார் சமைப்பது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற சாதிச் சண்டை சோற்றோடு சேர்ந்தே வந்தது. இன்றும் தலித் பெண் சமைத்தால் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோர் செய்தியில் வருகிறார்கள்.

பெயர் வியாதியும் கூடவே வளர்ந்தது. நம் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு ‘உபயம்’ எழுதுவோமே, அதுதான். பள்ளி பீரோ, மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் ஒரு பெயர் இருக்கும். எங்கள் பேனரும் அந்த வம்சம்தான். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தபிறகு தட்டில் விழும் சோற்றுக்கு ஊரில் யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லாமல் போனது. அது பெரிய விடுதலை என்பது என் எண்ணம். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அந்த வழிதான். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைக்கும் தட்டு உண்டு, ‘உங்க அப்பா என்ன வேலை’ என்ற கேள்வி கிடையாது.

இதையெல்லாம் படிக்கும்போது உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது நான் பத்தாவது. பொன்னேரிப் பக்கம் ஒரு பள்ளி. அரையாண்டு விடுமுறை முடிந்து திறந்ததும் எங்கள் வகுப்பு நிவாரணம் சேகரிப்பது என்று முடிவானது. நான் லீடர். நோட்டில் ஸ்கேல் வைத்து இரண்டு பத்தி கிழித்தேன். ‘கொடுத்தவர்’, ‘பெறுபவர்’. பழவேற்காடு பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து எங்களோடு படித்தவன் ஒருவன் இருந்தான். அவர்கள் வீட்டுப் படகும் வலையும் போயிருந்தன. அவன் பெயரை ‘பெறுபவர்’ பத்தியில் முதலில் எழுதினேன், அவனைக் கேட்காமலே.

இடைவேளையில் அவன் வந்து என் மேஜையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தான்.

“என் பேரையும் எழுதுடா.”

“நீ எதுக்குடா குடுக்கிற? உனக்குத்தான்டா கலெக்ட் பண்றோம்.”

நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சேமித்து வைத்துக்கொள்ளட்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் நாணயத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரம் பிரேயரில் பெயர் கூப்பிட்டு மேடையில் அரிசி மூட்டையும் துணிப் பையும் கொடுத்தபோது அவன் வரவில்லை. மூட்டை இரண்டு நாள் ஹெச்.எம். அறை வாசலில் கிடந்தது. பிறகு யார் எடுத்துப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அவன் பொதுத்தேர்வு எழுதினான். அதுவரைக்கும் என்னிடம் பேசவில்லை.

கடம்பத்தூரில் ஒரு பானை கொடுத்தவரையும் சேர்த்துத்தான் பட்டியல் போட்டார்கள். நாற்பத்தாறு வருடம் கழித்து, அங்கிருந்து சில மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்த நான் ஐந்து ரூபாயைத் திருப்பி அனுப்பினேன்.

அன்றைக்குப் பைகளைக் கொடுத்து, பேனரோடு போட்டோ எடுத்து முடித்ததும், பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் சட்டைப்பையில் பேனா இல்லை. எல்லாம் போனில் ஆகிவிட்ட பிறகு யார் பேனா வைத்துக்கொள்கிறார்கள்? முன்வரிசையில் ஒரு சிறுமி. அவள் அப்பா ஒடிசாவிலிருந்து வந்து கம்பி ஆலையில் வேலை செய்கிறார், அவள் பள்ளியில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்று ஆசிரியை சொல்லியிருந்தார். நான் சட்டையைத் தடவுவதைப் பார்த்தவள் எழுந்து போய் அட்டைப்பெட்டியிலிருந்து அந்தப் பால்பாயின்ட் பேனாவை எடுத்து வந்து நீட்டினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் கை காட்டினாள்.

“பெட்டியில போடு சார்.”